வீட்டைப் பிள்ளைகளுக்கு எழுதுவது: செட்டில்மென்டா, உயிலா, பாகப்பிரிவினையா?

தமிழ்நாட்டில் பத்திர எழுத்தரிடம் போய் “வீட்டைப் பையன் பேருக்கு மாத்தணும்” என்று சொன்னால் பேச்சு சீக்கிரமே கட்டணத்துக்குப் போய்விடும். வழிகாட்டி மதிப்பு (கட்டணம் கணக்கிட அரசு வைத்திருக்கும் மதிப்பு) என்ன, செட்டில்மென்ட் (உரிமையை இன்றே தானமாகக் கொடுக்கும் பத்திரம்) போட்டால் எவ்வளவு ஆகும், உயிலுக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டு, எது மலிவோ அது தட்டச்சாகிவிடும். உண்மையில் கட்டணம் கடைசியாகப் பார்க்க வேண்டிய விஷயம். முதல் கேள்வி, உரிமை உங்கள் கையை விட்டு எப்போது போக வேண்டும் என்பது. இன்றைக்கேயா, உங்கள் காலத்துக்குப் பிறகா? எந்தப் பத்திரம் என்பது பெரும்பாலும் அதற்கான பதிலிலேயே முடிவாகிவிடும்.

கீழே வருவது முக்கியமாக இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு உட்பட்ட குடும்பங்களுக்கு. இஸ்லாமியர், கிறிஸ்தவர்களுக்கு மாறும் இடங்களைப் பின்னால் தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

எழுதிக்கொடுக்க உங்களிடம் என்ன இருக்கிறது?

தன்னிடம் இல்லாத உரிமையை ஒருவர் இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது. எல்லோருக்கும் தெரிந்த விதிதான், ஆனால் குடும்பப் பத்திரங்கள் நீதிமன்றத்தில் விழுவது பெரும்பாலும் இதில்தான். பட்டா உங்கள் பெயரில் இருப்பதாலோ வீட்டு வரி ரசீது உங்கள் பெயரில் வருவதாலோ முழு வீடும் உங்களுடையதாகிவிடாது. பட்டா என்பது வருவாய்த் துறையின் பதிவு. உரிமை பத்திரத்திலிருந்தோ வாரிசுரிமையிலிருந்தோதான் வர வேண்டும்.

சொந்தச் சம்பாத்தியத்தில் கிரயம் வாங்கியது சுயார்ஜித சொத்து. அதை யாருக்கு வேண்டுமானாலும், எந்த விகிதத்திலும் எழுதலாம். ஒரு பிள்ளைக்குக் கூட்டியும் இன்னொரு பிள்ளைக்குக் குறைத்தும் கொடுக்கலாம், ஒருவரை அடியோடு விடவும் செய்யலாம். பூர்வீகச் சொத்தில் அந்தச் சுதந்திரம் இல்லை. அதில் மகனுக்கும் மகளுக்கும் பிறப்பாலேயே பங்கு உண்டு. மகளுக்கு இந்தச் சம உரிமை 2005 செப்டம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்த திருத்தத்தால் கிடைத்தது. அந்தத் தேதியில் தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டிய அவசியமில்லை என்று 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவுப் பத்திரத்தாலோ நீதிமன்றத் தீர்ப்பாலோ முடிந்துபோன பாகப்பிரிவினைகளை அந்தத் திருத்தம் கிளறாது.

“தாத்தா சொத்து என்றாலே பூர்வீகம், பேரனுக்குப் பங்கு உண்டு” என்ற பேச்சு ஊரெல்லாம் இருக்கிறது. அது பாதிதான் சரி. தாத்தா சுயமாகச் சம்பாதித்து, 1956-க்குப் பிறகு உயில் எழுதாமல் இறந்து, வாரிசு என்ற முறையில் அப்பாவுக்கு வந்த சொத்து அப்பாவின் தனிச்சொத்து. பேரனுக்கு அதில் பிறப்புரிமை இல்லை. 1986-ல் சந்தர் சென் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. ஆகவே முதல் வேலை, சொத்து எந்த ஆண்டில், யாரிடமிருந்து, எந்த வழியாக வந்தது என்று தாய்ப்பத்திரத்திலிருந்து இன்றுவரை ஒரே தாளில் எழுதிப் பார்ப்பது. பெரும்பாலான சார்பதிவாளர் அலுவலகங்களுக்கு 1975 முதல் வில்லங்கச் சான்றை (சொத்தின்மேல் பதிவான பத்திரங்களின் பட்டியலை) இணையத்திலேயே எடுக்கலாம். அதற்கு முந்தையதற்கு அலுவலகத்தில் மனுப் போட்டுத் தேடச் சொல்ல வேண்டும்.

இங்கே செட்டில்மென்டும் உயிலும் எதிரெதிராகப் போகும் ஓர் இடம் இருக்கிறது. பிரிக்கப்படாத பூர்வீகச் சொத்தில் உள்ள தன் பங்கை, மற்ற பங்காளிகளின் சம்மதம் இல்லாமல் தானமாக எழுதிக்கொடுத்தால் அது செல்லாது. அதே பங்கை உயிலாக எழுதலாம். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 30-வது பிரிவு அதை அனுமதிக்கிறது. பூர்வீகச் சொத்தை இன்னும் பாகம் பிரிக்காத குடும்பத்தில் “இப்போதே கொடுத்துவிடுகிறேன்” என்று செட்டில்மென்ட் போடுவது, முத்திரைக் கட்டணத்தையும் கட்டி வழக்கையும் வாங்கிக்கொள்வதுதான்.

கட்டணக் கணக்கு

குடும்பத்துக்குள் செட்டில்மென்ட் என்றால் முத்திரைக் கட்டணம் சந்தை மதிப்பில் 1%, உச்சவரம்பு 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1%, உச்சவரம்பு 10,000 ரூபாய். 2023 ஜூலையில் உயர்த்தப்பட்ட வரம்புகள் இவை. அதற்கு முன் 25,000-மும் 4,000-மும் இருந்தன. கிரயம் என்றால் 7%, அதோடு பதிவுக் கட்டணம் 2%. வழிகாட்டி மதிப்பு 50 லட்சம் உள்ள வீட்டுக்கு செட்டில்மென்டில் மொத்தம் 50,000 ரூபாய் ஆகும், கிரயத்தில் 4,50,000 ஆகும். பாகப்பிரிவினையில் அதே 1% கணக்கும் உச்சவரம்பும் ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனியாக வரும். கூட்டு உரிமையுள்ள ஒருவர் தன் பங்கை மற்றவருக்கு விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்துக்கும், குடும்பத்துக்குள் என்றால், இதே வரம்புகள்தான். உயிலுக்கு முத்திரைக் கட்டணமே இல்லை. பதிவு செய்தால் ஒரு சிறு தொகை, அவ்வளவே.

“குடும்பம்” என்பதற்குச் சட்டம் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அப்பா, அம்மா, கணவன், மனைவி, மகன், மகள், பேரப்பிள்ளை, உடன்பிறந்தவர்கள் அதற்குள் வருவார்கள். சித்தப்பா மகனுக்கு எழுதினால் என்னதான் பாசம் இருந்தாலும் சலுகை கிடைக்காது. கட்டண விகிதங்கள் அவ்வப்போது மாறும், எனவே பதிவுக்கு முந்தைய வாரம் பதிவுத்துறை இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

செட்டில்மென்ட்: கொடுத்தால் கொடுத்ததுதான்

செட்டில்மென்ட் பத்திரத்தில் உரிமை உடனே கைமாறுகிறது. சொத்து மாற்றுச் சட்டத்தின் 123-வது பிரிவுப்படி பதிவு கட்டாயம், இரண்டு சாட்சிகள் வேண்டும். 122-வது பிரிவு கேட்பது, கொடுப்பவர் உயிரோடு இருக்கும்போதே பெறுபவர் அதை ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும் என்பது. பதிவையும் சாட்சியையும் அலுவலகமே பார்த்துக்கொள்ளும். ஏற்பைத்தான் அலட்சியமாக விட்டுவிடுகிறார்கள். மகன் வெளிநாட்டில் இருக்க, அப்பா தனியாகப் போய்ப் பதிந்து, பத்திரத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டி, ஒருவரிடமும் சொல்லாமல் காலமானால், “ஏற்பே நடக்கவில்லை, தானம் செல்லாது” என்று மற்ற பிள்ளைகள் வழக்குப் போட இடம் கிடைத்துவிடும். பெறுபவரும் பத்திரத்தில் கையெழுத்துப் போடட்டும். மூலப்பத்திரத்தை அவரிடம் ஒப்படைத்ததாக ஒரு வரி இருக்கட்டும். பட்டாவும் வீட்டு வரியும் அவர் பெயருக்கு மாறிவிட்டால் ஏற்பை மறுக்க யாராலும் முடியாது.

அடுத்தது ரத்து. “பின்னால் சரிப்படவில்லை என்றால் ரத்துப் பத்திரம் போட்டுக்கொள்ளலாம்” என்று தைரியம் சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நிபந்தனையில்லாத செட்டில்மென்டை எழுதிக்கொடுத்தவர் ஒருதலையாக ரத்து செய்ய முடியாது. பெறுபவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் மோசடி, மிரட்டல் போன்ற காரணம் காட்டி நீதிமன்றம் போக வேண்டும். “நான் விரும்பும்போது ரத்து செய்துகொள்வேன்” என்று முன்கூட்டியே எழுதி வைத்தாலும் பயனில்லை. கொடுப்பவரின் இஷ்டத்துக்கு ரத்து செய்யலாம் என்ற தானமே செல்லாது என்கிறது 126-வது பிரிவு. பாதுகாப்புக்காகச் சேர்த்த வரியே பத்திரத்தைக் கொன்றுவிடும்.

பாதுகாப்பு வேண்டுமானால் சட்டம் தரும் வழி ஆயுள்கால அனுபவ உரிமை. உரிமை வேறு, அனுபவம் வேறு. இரண்டையும் பிரித்து, உரிமையைப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு, குடியிருக்கும் உரிமையையும் வாடகை வாங்கும் உரிமையையும் நீங்கள் வைத்துக்கொள்ளலாம். வீட்டின் சுவாதீனத்தை, அதாவது கைவசத்தை, ஒப்படைக்காமல் இப்படிக் கொடுக்கும் தானம் செல்லும் என்று 2014-ல் ரேணிகுண்ட்லா ராஜம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வாசகத்தில்தான் எல்லாமே இருக்கிறது. இரண்டு வரிகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்:

“இச்சொத்தின் உரிமையை இன்றே உனக்கு மாற்றிக் கொடுத்துவிட்டேன். என் ஆயுள் உள்ளவரை எனக்கும், எனக்குப் பின் என் மனைவியின் ஆயுள் உள்ளவரை அவருக்கும், குடியிருந்து வாடகை பெற்று அனுபவிக்கும் உரிமை உண்டு.”

“என் ஆயுளுக்குப் பிறகு இச்சொத்தை நீ சர்வ சுதந்திர பாத்தியமாய் அடைந்துகொள்ள வேண்டியது.”

முதல் வரி செட்டில்மென்ட். இரண்டாவது, தலைப்பில் செட்டில்மென்ட் என்று போட்டு முத்திரைக் கட்டணம் கட்டியிருந்தாலும், உயிலாகவே படிக்கப்படலாம். பத்திரத்தின் பெயரை நீதிமன்றம் பார்ப்பதில்லை, உரிமை எப்போது கைமாறுகிறது என்பதைத்தான் பார்க்கும். முதல் வரியில் மனைவியையும் சேர்த்திருப்பதைக் கவனியுங்கள். “எனக்கு ஆயுள் உள்ளவரை” என்று மட்டும் எழுதி, கணவர் இறந்தபின் தாயார் மருமகள் தயவில் நிற்பது இந்த ஒரு சொற்றொடர் விடுபடுவதால்தான்.

பிள்ளை கைவிட்டால் என்ன வழி? பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-ன் 23-வது பிரிவு இதற்காகவே இருக்கிறது. அடிப்படைத் தேவைகளைக் கவனிப்பார் என்ற நிபந்தனையோடு 60 வயதைக் கடந்தவர் எழுதிய பத்திரத்தை, கவனிக்கத் தவறினால் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயம் செல்லாததாக்கலாம். நிபந்தனை எழுத்தில் இருக்க வேண்டுமா, அன்பும் பாசமும் என்று சொன்னாலே போதுமா என்பதில் தீர்ப்புகள் ஒரே திசையில் இல்லை. 2022 டிசம்பரில் சுதேஷ் சிகாரா வழக்கில் நிபந்தனை நிரூபிக்கப்பட வேண்டும் என்று கறாராகச் சொன்ன உச்ச நீதிமன்றம், 2025 ஜனவரியில் ஊர்மிளா தீட்சித் வழக்கில் முதியவர்கள் பக்கம் தாராளமாகப் பொருள்கொண்டது. இந்த விவாதத்தில் நீங்கள் சிக்க வேண்டியதில்லை. “உணவு, மருத்துவம், இருப்பிடம் ஆகியவற்றைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனைக்கு உட்பட்டு” என்று பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள். சில பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும், அதுவும் ஒரு தகவல்தான்.

கடைசியாக, யாரும் பேச விரும்பாத ஒன்று. பெற்ற பிள்ளை முன்னால் போய்விட்டால்? சொத்து இப்போது பிள்ளையுடையது, எனவே பிள்ளையின் வாரிசுகளுக்குப் போகும். திருமணமான மகன் என்றால் மனைவி, ஒவ்வொரு பிள்ளை, தாயார் எல்லோருக்கும் ஆளுக்கொரு சம பங்கு. தகப்பனார் முதல் வகுப்பு வாரிசுப் பட்டியலிலேயே இல்லை. வீட்டைக் கட்டி எழுதிக்கொடுத்தவருக்கு அந்த வீட்டில் ஒரு செங்கல்கூட வராது. மகளுக்கு எழுதியிருந்தால் அவருடைய பிள்ளைகளுக்கும் கணவருக்கும் போகும். இங்கே இன்னொரு நுணுக்கம்: பிள்ளையில்லாத மகள், பெற்றோரிடமிருந்து வாரிசாகப் பெற்ற சொத்து அவர் தகப்பன் வழி வாரிசுகளுக்கே திரும்பும். ஆனால் செட்டில்மென்ட் மூலம் பெற்ற சொத்துக்கு அந்த விதி பொருந்தாது, அது கணவருக்குப் போகும். அதோடு பிள்ளையின் கடன்காரர்களும் உண்டு. மகன் தொழிலுக்கு ஜாமீன் போட்டிருந்தால், நேற்றுவரை உங்களுடையதாக இருந்த வீடு இன்று ஜப்திக்கு வரலாம். ஆயுள்கால உரிமை இருந்தால் அதுவரை நீங்கள் குடியிருக்கலாம், அவ்வளவுதான்.

மைனர் பேரனுக்கு எழுதுவதாக இருந்தால், அவன் 18 வயது அடையும்வரை நீதிமன்ற அனுமதி இல்லாமல் அந்தச் சொத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது. குடும்பத்துக்கு அவசரப் பணம் தேவைப்படலாம் என்றால் இதைத் தவிர்த்துவிடுங்கள்.

உயில்: கடைசிவரை உங்கள் கையில்

உயில் எழுதுபவர் உயிரோடு இருக்கும்வரை அது வெறும் தாள். வீட்டை விற்கலாம், அடமானம் வைக்கலாம், உயிலை மாற்றலாம், கிழித்துப் போடலாம். கடைசியாக எழுதியதுதான் நிற்கும். முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். பதிவும் கட்டாயமில்லை. சட்டம் கேட்பது சுயநினைவு, கையெழுத்து, அந்தக் கையெழுத்தைப் பார்த்த இரண்டு சாட்சிகளின் கையெழுத்து. இவ்வளவு எளிதாக இருப்பதாலேயே உயில்கள் பின்னால் ஆட்டம் காண்கின்றன.

உயிலை நிரூபிக்கும்போது எழுதியவர் இருக்க மாட்டார். உயிரோடு இருக்கும் சாட்சிகளில் ஒருவராவது நீதிமன்றத்தில் வந்து சொல்லியாக வேண்டும். பதிவு செய்த உயிலுக்கும் இதே விதிதான். பதிவு நம்பகத்தன்மையைக் கூட்டும், சாட்சியின் இடத்தை அது பிடிக்காது. ஆகவே 70 வயது நண்பர்கள் இருவரைச் சாட்சியாக வைப்பது வீண். உங்களைவிட இருபது வயதாவது இளையவர்கள், ஊரை விட்டுப் போய்விடாதவர்கள், உயிலால் பலன் பெறாதவர்கள் வேண்டும். வயதானவர் என்றால் அன்றைய தேதியில் “தெளிந்த மனநிலையில் இருக்கிறார்” என்று மருத்துவரின் சான்று இணைப்பது நல்லது, அந்த மருத்துவரே ஒரு சாட்சியானால் இன்னும் நல்லது.

நீதிமன்றங்கள் தேடுவது சந்தேகச் சூழ்நிலைகளை. பலன் பெறும் மகனே வழக்கறிஞரை அழைத்து வந்தது, மருத்துவமனைப் படுக்கையில் கைநாட்டு, காரணமே சொல்லாமல் ஒரு மகளை விட்டது, பக்கத்துக்குப் பக்கம் மாறும் கையெழுத்து. இவற்றில் ஒன்றிரண்டு சேர்ந்தால் உயிலால் பலன் பெறுபவர்தான் அவற்றை விளக்கியாக வேண்டும். ஒரு பிள்ளையை விடுகிறீர்கள் என்றால் ஏன் என்று இரண்டு வரி எழுதுங்கள். “மூத்த மகளுக்குத் திருமணத்தின்போது இன்ன ஊரில் உள்ள மனையைக் கொடுத்துவிட்டபடியால்” என்பது போதும். வசைபாட வேண்டாம், அது கோபத்தில் எழுதியதற்கு ஆதாரமாகிவிடும்.

உயில் வில்லங்கச் சான்றில் வராது. பதிவான உயில்கள் 3-ம் புத்தகத்தில் ஏறுகின்றன, வில்லங்கம் 1-ம் புத்தகத்திலிருந்து எடுக்கப்படுகிறது. நீங்கள் இருக்கும்வரை உங்களைத் தவிர வேறு யாருக்கும் நகல் கிடைக்காது. ரகசியம் காக்க இது வசதி. ஆனால் உங்களுக்குப் பின், உயிலை அறியாமலோ மறைத்தோ வாரிசுச் சான்றை வைத்து எல்லோரும் சேர்ந்து விற்றுவிட்டால் வாங்குபவருக்கும் தெரியாது. எனவே உயில் இருக்கும் இடத்தை நம்பகமான ஒருவருக்காவது சொல்லி வைக்க வேண்டும். மாவட்டப் பதிவாளரிடம் முத்திரையிட்ட உறையில் ஒப்படைக்கும் வசதியும் பதிவுச் சட்டத்தில் இருக்கிறது.

சென்னை நகர எல்லைக்குள் உள்ள சொத்துக்கு உயில் மெய்ப்பிதழ், அதாவது புரொபேட், நீண்ட காலம் கட்டாயமாக இருந்தது. இன்றும் வங்கிகளும் வாங்குபவர்களும் அதைக் கேட்பது சகஜம். அங்கே வீடு இருந்தால் பிள்ளைகளுக்கு அந்தச் செலவும் காலமும் சேர்த்தே உயிலை எடைபோடுங்கள்.

இரண்டு சின்னக் குறைகள் அடிக்கடி கண்ணில் படும். வீடு மனைவி பெயரில் இருக்க, கணவர் உயில் எழுதுவது. அது வெறும் காகிதம், மனைவிதான் எழுத வேண்டும். இன்னொன்று, பட்டியலிட்ட சொத்துக்களோடு உயிலை முடித்துவிடுவது. “மேற்கண்டவை தவிர என் பெயரில் மிஞ்சும் மற்ற எல்லாச் சொத்துக்களும் இன்னாருக்கு” என்ற வரி இல்லாவிட்டால், பிறகு வாங்கிய மனைக்கு உயிலே இல்லாத நிலை. பெறுபவர் முன்னதாக இறந்தால் யாருக்கு என்பதையும் எழுதுங்கள்.

பாகப்பிரிவினையும் விடுதலையும்

இவை இரண்டும் ஏற்கெனவே கூட்டாக உரிமை உள்ளவர்களுக்கு மட்டும். அப்பாவின் சுயார்ஜித வீட்டை அவர் இருக்கும்போதே பிள்ளைகள் பாகம் பிரித்துக்கொள்ள முடியாது, அவர்களிடம் அதில் எதுவும் இல்லை. இதே காரணத்தால், “பின்னால் தகராறு வேண்டாம்” என்று அப்பா இருக்கும்போதே மகள்களிடம் அவருடைய தனிச்சொத்துக்கு விடுதலை எழுதி வாங்குவதும் பொத்தல். எதிர்பார்ப்பு மட்டுமே உள்ள வாரிசுரிமையை மாற்ற முடியாது என்று சொத்து மாற்றுச் சட்டத்தின் 6-வது பிரிவு சொல்கிறது. பணம் வாங்கிக்கொண்டு எழுதியவர் பின்னால் மறுக்கக் கூடாது என்று வாதாட இடமுண்டு, ஆனால் அது நீதிமன்றப் படி ஏறிய பிறகு நடக்கும் வாதம். மகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று அப்பா நினைத்தால் அவர் உயிலோ செட்டில்மென்டோ எழுத வேண்டும்.

அப்பா காலமாகி, அம்மாவும் மூன்று பிள்ளைகளும் வாரிசு என்றால் நால்வருக்கும் கால் பங்கு. ஒருவர் ஒதுங்க விரும்பினால் விடுதலைப் பத்திரம் எளிது. யாருக்கு விடுதலை என்பதைத் துல்லியமாக எழுத வேண்டும். தம்பி ஒருவனுக்கு மட்டும் விட்டால் அந்தக் கால் பங்கு முழுவதும் அவனுக்கே, அவன் பங்கு பாதியாகும். மற்ற எல்லோருக்கும் பொதுவாக விட்டால் அவர்களிடையே பிரியும்.

பாகப்பிரிவினையில் பங்குள்ள எல்லோரும் கையெழுத்திட வேண்டும். “அக்கா ஒன்றும் கேட்க மாட்டாள்” என்று ஒருவரை விட்டுவிட்டுப் பதிந்தால் அந்தப் பாகப்பிரிவினை அவரைக் கட்டுப்படுத்தாது. அவர் வழக்குப் போடும் நாளில் எல்லோருடைய பாகமும் மறுபடி கலையும். காகிதத்தில் பிரிப்பதைவிட மண்ணில் பிரிப்பதுதான் கஷ்டம். பதிவுக்கு முன் சர்வேயரை வைத்து அளந்து, வரைபடம் போட்டு, ஒவ்வொரு பாகத்துக்கும் நான்கு எல்லையும் நீள அகலமும் எழுதுங்கள். பின்பக்கப் பாகத்துக்குப் பாதை எத்தனை அடி, கிணறும் போர்வெல்லும் யாருக்கு, மாடிப்படி பொதுவா, கழிவுநீர்க் குழாய் யார் இடத்தின் வழியே போகிறது, மாடிக்கு மேல் கட்டும் உரிமை யாருக்கு. பத்து வருடம் கழித்து வரும் சண்டைகள் பெரும்பாலும் இந்த வரிகள் இல்லாததால்தான். ஒரு பாகம் மதிப்பு கூடினால் வித்தியாசத்தைப் பணமாகக் கொடுத்ததையும் பத்திரத்திலேயே காட்டுங்கள்.

பதியாத கூர்ச்சீட்டை, அதாவது யாருக்கு எந்தப் பாகம் என்று எழுதிய சீட்டை, நம்பி வீடு கட்டியவர்கள் நிறைய. வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டதை நினைவுக்குக் குறித்துவைத்த சீட்டு என்றால் பதிவு தேவையில்லை. அந்தச் சீட்டேதான் உரிமையை உண்டாக்குகிறது என்றால் பதிவு கட்டாயம், பதியாவிட்டால் அதை உரிமைக்கு ஆதாரமாகக் காட்ட முடியாது. எது எது என்று பிரிப்பதற்கே வருடக்கணக்கில் வழக்கு ஓடும். வங்கியும் அதை வைத்துக் கடன் தராது.

கிரயம், பவர், ஒன்றும் எழுதாமை

பிள்ளைக்குக் கிரயம் எழுதுவதில் உண்மையிலேயே பணம் கைமாறினால்தான் அர்த்தம் உண்டு. கட்டணம் பல மடங்கு, விற்ற பெற்றோருக்கு மூலதன ஆதாய வரியும் வரும். பணம் வங்கி வழியாகப் போகாமல் பத்திரத்தில் மட்டும் தொகை காட்டினால், போலிக் கிரயம் என்று மற்ற வாரிசுகள் சொல்ல நீங்களே வழி செய்ததாகும். செட்டில்மென்ட், உயில் இரண்டிலும் நெருங்கிய உறவுக்குள் பெறுபவருக்கு வருமான வரி இல்லை. பின்னால் விற்கும்போதுதான், முதலில் வாங்கியவருடைய அடக்கவிலையை வைத்து ஆதாயம் கணக்கிடப்படும். ஆகவே பழைய கிரயப் பத்திரத்தையும் கட்டுமான ரசீதுகளையும் பிள்ளையிடம் சேர்த்துக் கொடுங்கள்.

பவர் எனும் பொது அதிகாரப் பத்திரத்தால் உரிமை மாறாது என்று 2011-ல் சூரஜ் லாம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. எழுதிக்கொடுத்தவர் இறந்த அன்றே பவரும் முடிந்தது. அலைய முடியாத பெற்றோருக்காக மகன் ஓடியாட அது உதவும், சொத்தைக் கொடுக்கும் வழியாக அதை எண்ண வேண்டாம்.

ஒன்றுமே எழுதாமல் விடுவதும் ஒரு தேர்வுதான். எல்லாப் பிள்ளைகளுக்கும் சமமாகப் போக வேண்டும், அவர்களுக்குள் பேச்சுவார்த்தையும் இருக்கிறது என்றால் சட்டமே அதைச் செய்துவிடும். ஆண் இறந்தால் மனைவி, மகன், மகள், தாயார் சமமாக. பெண் இறந்தால் கணவர், மகன், மகள் சமமாக. சிக்கல் பங்கில் வராது, கையெழுத்தில் வரும். விற்கவும் கடன் வாங்கவும் எல்லோரும் ஒரே நாளில் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். ஒருவர் தன் பிரிக்கப்படாத பங்கை அந்நியருக்கு விற்கவும் முடியும்.

இஸ்லாமியர்களுக்கு ஹிபா எனும் தானம் வாய்மொழியாகவும் செல்லும், ஆனால் அறிவிப்பு, ஏற்பு, சுவாதீனம் ஒப்படைத்தல் மூன்றும் வேண்டும். உயிலால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொடுக்க முடியாது, வாரிசுக்கே உயில் எழுதினால் மற்ற வாரிசுகளின் சம்மதம் தேவை. கிறிஸ்தவர்களுக்கு உயில் இல்லாவிட்டால் மனைவிக்கு மூன்றில் ஒன்று, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. அவர்கள் உயில் எழுதிய பின் திருமணம் செய்தால் அந்த உயில் ரத்தாகிவிடும்.

எந்த நிலைமைக்கு எது

இருப்பது ஒரே வீடு, அதில்தான் குடியிருக்கிறீர்கள், ஓய்வூதியமும் பெரிதாக இல்லை என்றால் பதிவு செய்த உயில்தான் எங்கள் தேர்வு. மருத்துவச் செலவுக்கு அந்த வீட்டை விற்கவோ அடமானம் வைக்கவோ நேரலாம், அந்தச் சுதந்திரத்தைச் சலுகைக் கட்டணத்துக்காக விட்டுவிடக் கூடாது. இரண்டாவதாக ஒரு மனையோ வீடோ இருந்து, பிள்ளை அதில் கட்டவோ அதன்மேல் கடன் வாங்கவோ வேண்டும் என்றால் செட்டில்மென்ட் சரி. வங்கிக்கு உரிமை இன்றே அவர் பெயரில் இருக்க வேண்டும், உயில் உதவாது. குடியிருக்கும் வீட்டையே இப்போது கொடுக்கும் கட்டாயம் வந்தால் ஆயுள்கால உரிமை இருவருக்கும், பராமரிப்பு நிபந்தனை, இரண்டும் இல்லாமல் கையெழுத்திடாதீர்கள்.

பிள்ளைகளுக்குள் ஏற்கெனவே பகை என்றால் கணக்கு மாறும். உங்களுக்குப் பின் உயிலைத் தாக்குவது எளிது, ஏனென்றால் பதில் சொல்ல நீங்கள் இல்லை. ஆயுள்கால உரிமையோடு கூடிய செட்டில்மென்டைத் தாக்குவது கடினம், எழுதியவரே சாட்சிக் கூண்டில் ஏறிச் சொல்லலாம். பிரிக்காத பூர்வீகம் என்றால் முதலில் பாகப்பிரிவினை, அதன் பிறகு உங்கள் பாகத்துக்கு மற்ற யோசனை.

எதை எழுதினாலும் கையெழுத்துக்கு முன் சொத்து விவரப் பகுதியை மட்டும் தனியாக எடுத்து, மூலப்பத்திரத்தோடும் பட்டாவோடும் வரிக்கு வரி ஒப்பிடுங்கள். சர்வே எண், உட்பிரிவு, கிராமம், கதவு எண், நான்கு எல்லை, பரப்பு, மின் இணைப்பு எண். பழைய சர்வே எண்ணைப் போட்டுவிட்டுப் புதிய உட்பிரிவை விடுவது மிகச் சாதாரணம், அதனால் பட்டா மாறுதல் மனு தாசில்தார் அலுவலகத்திலேயே திரும்பிவிடும். செட்டில்மென்டில் அந்தப் பிழை வந்தால் எழுதிக்கொடுத்தவர் இருக்கும்வரை பிழைத்திருத்தல் பத்திரம் போட்டுச் சரிசெய்யலாம். உயிலில் வந்த பிழையைத் திருத்த, எழுதியவரைத் தவிர வேறு யாராலும் முடியாது.